கையில் விழுந்த வெள்ளைக் கோடு: பொய் சொல்லும் பிள்ளையும் அவனை வளர்க்கும் வீடும்

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். கொல்லைப்புறத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் குடமுருட்டி ஓடுகிறது. அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை. அண்ணியும் பத்து வயதுப் பையனும் என் அம்மாவோடு ஊரில் இருக்கிறார்கள். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருந்த சமயம், ஒருநாள் சாயங்காலம் பையன் டியூஷன் பையோடு உள்ளே நுழைந்தான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா கூப்பிட்டார்.

"டேய், இங்க வா. கையை நீட்டு."

"டியூஷனுக்குத்தான் போனேன் அப்பாயி."

"கையை நீட்டுடாங்கறேன்."

நீட்டினான். அம்மா பெருவிரல் நகத்தால் முழங்கைக்குக் கீழே ஓர் இழுப்பு இழுத்தார். சாம்பலில் கோடு போட்டதுபோல் வெள்ளையாக விழுந்தது. ஆற்றில் ஊறிய தோல் காய்ந்தால் அப்படித்தான் விழும். டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதே நகத்தில் நானும் அண்ணனும் எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறோம். அன்றைக்குப் பையனுக்கு முதுகில் ரெண்டு விழுந்தது. ஆற்றுக்குப் போனதற்கு ஒன்று, பொய் சொன்னதற்கு ஒன்று என்று அம்மாவே கணக்கும் சொன்னார்.

பத்து நாள் கழித்து மறுபடி அதே திண்ணை, அதே நகம். கோடு விழவில்லை. அம்மாவுக்குப் பரம திருப்தி. பையன் என்னைத் தாண்டி உள்ளே போனபோது குப்பென்று தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. கூட்டாளி வீட்டில் எண்ணெய் வாங்கி, ரெண்டு கையிலும் காலிலும் தடவிக்கொண்டு வந்திருக்கிறான். அடி பொய்யை நிறுத்தவில்லை. பக்குவப்படுத்தியிருந்தது.

"எம்புள்ள வாயைத் தொறந்தாலே பொய்" என்று புலம்பாத வீடு எங்கள் தெருவில் குறைவு. இப்பவே இப்படி என்றால் ஆளான பிறகு என்ன ஆவானோ என்ற பயம்தான் அந்தப் புலம்பலுக்கு அடியில் இருக்கிறது. பிள்ளைகள் எந்த வயதில், எதற்காகப் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் அந்தப் பயத்தில் பாதி அடங்கிவிடும். மீதிப் பாதிக்கு வேலை இருக்கிறது.

கனடாவில் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீ, மெக்கில் பல்கலைக்கழகத்தின் விக்டோரியா தல்வார் என்ற ரெண்டு உளவியலாளர்கள் இந்த விஷயத்தையே பல வருஷமாகக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய சோதனை எளிமையானது. குழந்தையை உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைப்பார்கள். "நான் வெளியே போய்விட்டு வருகிறேன், திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போவார்கள். ஒளித்துவைத்த கேமரா ஓடிக்கொண்டிருக்கும். எந்தக் குழந்தையால் திரும்பாமல் இருக்க முடியும்? பெரும்பாலானவை திரும்பிப் பார்த்துவிடும். அப்புறம் வந்து, "பார்த்தியா?" என்று கேட்பார்கள். 2002ல் வெளிவந்த ஆய்வில், பார்த்துவிட்ட 3 வயதுக் குழந்தைகளில் சுமார் பாதிப் பேர் "ஆமா" என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்கு மேல் 7 வயது வரை உள்ளவர்களில் பெரும்பாலோர், "இல்லையே, பார்க்கவே இல்லையே" என்றார்கள்.

அதற்கடுத்த கேள்வி இன்னும் சுவாரஸ்யம். "சரி, பின்னால என்ன பொம்மை இருக்கும்னு நினைக்கிற?" சின்னப் பிள்ளைகள் பார்க்கவில்லை என்று சொன்ன அதே வாயால் பொம்மையின் பெயரையும் சொல்லி மாட்டிக்கொண்டார்கள். 6, 7 வயதுக்காரர்களில் சுமார் பாதிப் பேர் "தெரியலையே" என்று முகத்தை வைத்துக்கொண்டார்கள். முதல் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் வேண்டும் என்று அந்த வயதில் புரிந்துவிடுகிறது.

பொய் சொல்வது லேசான வேலை இல்லை. என் மனசில் இருப்பது உன் மனசில் இல்லை, உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்பது முதலில் புரிய வேண்டும். உண்மையை நாக்கு நுனியிலேயே அடக்கி வைத்துக்கொண்டு இன்னொன்றைச் சொல்லத் தெரிய வேண்டும். 2015ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பொய் சொல்லவே தெரியாத 3 வயதுக் குழந்தைகளுக்கு, அடுத்தவர் மனசில் என்ன இருக்கும் என்று ஊகிக்கச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி முடிந்ததும் அந்தக் குழந்தைகள் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டன. ஆக, வாயெல்லாம் வெல்லத்தை அப்பிக்கொண்டு "நான் எடுக்கலம்மா" என்று நிற்கும் நாலு வயதுப் பிள்ளைக்குத் திருட்டுப்புத்தி வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மூளை வளர்கிறது. வாயைக் கழுவிவிட்டு, "வெல்லம் வேணும்னா கேட்டு வாங்கிக்க" என்றால் போதும்.

ஏழு எட்டு வயதுக்கு மேலும் ஒரே விஷயத்துக்கு, ஒரே ஆட்களிடம், திரும்பத் திரும்பப் பொய் வந்தால்தான் அதைப் பழக்கம் என்று பார்க்க வேண்டும். அப்போதும் நான் முதலில் கேட்பது, அது எந்த வகைப் பொய் என்பதைத்தான். இந்த விஷயத்தில் நம் பேச்சு வழக்கே பாதி வைத்தியத்தைச் செய்துவிடுகிறது. புளுகு வேறு, சாக்கு வேறு, மழுப்பல் வேறு என்று நாம் பிரித்துத்தான் பேசுகிறோம். பிள்ளை மாட்டும்போதுதான் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் 'பொய்' என்கிறோம்.

புளுகுகிற பிள்ளை யாரையும் ஏமாற்றி எதையும் வாங்கப் பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி, தீபாவளிக்கு அப்பா விமானத்தில் வரப்போகிறார், எனக்குச் சங்கிலி, தம்பிக்கு சைக்கிள் என்று வகுப்பு முழுக்க அளந்துவிட்டிருந்தாள். அப்பாவுக்கு லீவே கிடைக்கவில்லை என்று தாய்க்குத் தெரியும். டீச்சர் எதேச்சையாக விசாரித்தபோது குட்டு உடைந்து, வீட்டில் மானம் போச்சு என்று ஒரே ரகளை. அந்தப் பிள்ளை சொன்னதில் பொய் எது? விமானம், சங்கிலி, சைக்கிள் எல்லாம் பொய்தான். அப்பா வர வேண்டும் என்ற ஆசை பொய்யில்லை. வீட்டுக்கொரு ஆள் வெளிநாட்டில் இருக்கும் டெல்டா ஊர்களில் இந்த வகைப் புளுகு சகஜம். நாலு பேர் நடுவில் அதை உடைப்பது கொடுமை. "அப்பா வந்தா நல்லா இருக்கும்ல? எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்று தாய் ஒருநாள் ராத்திரி பக்கத்தில் படுத்துச் சொன்னால் புளுகுக்குத் தேவை குறைந்துவிடும்.

சாக்குச் சொல்லும் பிள்ளைக்கு இந்தப் பேச்சு எடுபடாது. "இன்னைக்கு ஹோம்வொர்க் இல்லை", "நோட்டை மிஸ் வாங்கி வச்சுட்டாங்க", "வயித்த வலிக்குது". தினமும் இதே பல்லவி என்றால், நாக்கை விட்டுவிட்டு நோட்டைப் பாருங்கள். எழுத்துகள் இடம் மாறுகின்றனவா, கரும்பலகையில் இருப்பதை எழுதியெடுத்தால் பாதி விடுபடுகிறதா, வாசிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவுகிறானா? பார்வைக் குறைபாடு இருக்கலாம். டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புச் சிரமம் இருக்கலாம். முட்டாள் என்று பேர் வாங்குவதைவிடப் பொய்யன் என்று பேர் வாங்குவது எவ்வளவோ மேல் என்று ஒரு பிள்ளை முடிவு செய்வதில் நியாயம் இருக்கிறது. துறுதுறுவென்று ஓரிடத்தில் நிற்காத பிள்ளைகள் சிலருக்கு இன்னொரு சிக்கல். "பல் தேய்ச்சியா?" என்று கேட்ட நொடியில் "தேய்ச்சுட்டேன்" என்று வாய் முந்திக்கொள்ளும். திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை அது. யோசனை வந்து சேர்வதற்குள் பதில் போய்விட்டது. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கலாம்.

மழுப்பல் பெரும்பாலும் பன்னிரண்டு பதிமூன்று வயதுச் சமாச்சாரம். "எங்க போன?" "சும்மாதான்." "யாரு போன்ல?" "யாருமில்ல." இதில் பயமும் உண்டு, தனக்கென்று ஓர் அறை வேண்டும் என்ற வயதுக்கேற்ற விருப்பமும் உண்டு. எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே தாழ்ப்பாள் போடுவார்கள்.

இனி அடிக்கு வருவோம். தேங்காய் எண்ணெய் வாசம் அடித்த அன்றைக்கு எனக்கு நினைவு வந்தது, தல்வாரும் லீயும் 2011ல் வெளியிட்ட ஓர் ஆய்வு. மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றில் ரெண்டு பள்ளிகள். பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு பள்ளியில் பிரம்படி, அறை, கிள்ளு எல்லாம் அன்றாடம் உண்டு. இன்னொன்றில் கண்டிப்பார்கள், கை ஓங்கமாட்டார்கள். ரெண்டிலும் 3, 4 வயதுப் பிள்ளைகளை அதே பொம்மைச் சோதனைக்கு உட்கார வைத்தார்கள். ரெண்டிலும் பெரும்பாலோர் திரும்பிப் பார்த்தார்கள். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். அடிக்கிற பள்ளியில், பார்த்தவர்களில் அநேகமாக எல்லாருமே பொய் சொன்னார்கள். மற்ற பள்ளியில் அது கணிசமாகக் குறைவு. அதைவிட முக்கியம், "என்ன பொம்மை?" என்ற ரெண்டாவது கேள்விக்கும் அடிபடும் பிள்ளைகள் தடுமாறாமல் நடித்தார்கள். மற்ற இடங்களில் ஆறு ஏழு வயதில் பார்க்கும் சாமர்த்தியத்தை அங்கே அடி முன்கூட்டியே கற்றுக்கொடுத்திருந்தது.

பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில் தடை செய்திருக்கிறது. வீட்டுப் புளியமிளாறுக்கு அந்தச் சட்டம் வராது. அடித்தால் பொய் நிற்கும் என்ற நம்பிக்கை போகாமல் இருப்பதற்குக் காரணம், கொஞ்ச நாளைக்கு நிஜமாகவே நின்றதுபோல் தெரிவதுதான். அந்த இடைவெளியில் பிள்ளை எண்ணெய் தேடிக்கொண்டிருக்கிறான்.

அடிக்கக் கூடாது என்றால் அடுத்து நம் கை போவது கதைக்கு. "பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது." "சாமி கண்ணைக் குத்தும்." புலி வருது புலி வருது என்று ஊரை ஏமாற்றிக் கடைசியில் நிஜப் புலியிடம் மாட்டிய பையன் கதை. இவையெல்லாம் பலிக்கின்றனவா என்பதையும் காங் லீ குழுவினர் சோதித்து 2014ல் வெளியிட்டார்கள். 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு இந்தப் பொய்ப்பையன் கதை (அங்கே புலிக்குப் பதில் ஓநாய்), சிலருக்குப் பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ, சிலருக்கு ஜார்ஜ் வாஷிங்டன் அப்பாவின் செரி மரத்தை வெட்டிவிட்டு ஒப்புக்கொண்ட கதை. மூக்கு நீண்டாலும் ஓநாய் தின்றாலும் பிள்ளைகள் சொல்லும் பொய் குறையவில்லை. வாஷிங்டன் கதை கேட்டவர்கள் மட்டும் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அந்தக் கதையிலும் முடிவை மாற்றி, ஒப்புக்கொள்ளாமல் தண்டனை பெற்றதாகச் சொன்னபோது பலன் மறைந்துவிட்டது. பொய்க்கு என்ன கெடுதல் வரும் என்பதைவிட, உண்மையைச் சொன்னால் அப்பா கட்டிக்கொள்வார் என்பதைத்தான் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை: அந்தச் செரி மரக் கதையே கட்டுக்கதை. வாஷிங்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வீம்ஸ் என்பவர் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் நுழைத்துவிட்டது.

நமக்குச் செரி மரம் வேண்டாம். காந்தியின் வாழ்க்கையில் நடந்தது ஒன்று இருக்கிறது. 15 வயதில், அண்ணனின் கடனை அடைக்க அவருடைய கைக்காப்பிலிருந்து துளி தங்கத்தை எடுத்தார். மனசு உறுத்தவே, ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, நோயில் படுத்திருந்த தகப்பனாரிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். தகப்பனார் படித்தார். கண்ணீர் தாளை நனைத்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். திட்டவில்லை. சத்தியத்துக்காக மயானம் காத்த அரிச்சந்திரன் கதையும் காந்தியை உலுக்கியது உண்மைதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடம் உண்மை பேசினால் பெண்டாட்டி பிள்ளையை விற்க வேண்டி வரும் என்று சொல்வதைவிட, அந்தக் கிழிந்த தாளைப் பற்றிச் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

அடுத்தது கொஞ்சம் கசப்பான பகுதி. வாராவாரம் குழுக் கடன் வசூலிக்க ஆள் வருகிற நாளில், "அம்மா வயலுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லு" என்று யாரை வாசலுக்கு அனுப்புகிறோம்? பஸ்ஸில் கண்டக்டர் கேட்டால் என்ன வயது சொல்ல வேண்டும் என்று ஏறுவதற்கு முன்பே யாருக்கு ஒத்திகை கொடுக்கிறோம்? அய்யம்பேட்டையே தாண்டாத பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, "பாபநாசம் வந்தாச்சு, இலையைப் போடு" என்று நானே போனில் சொல்லியிருக்கிறேன், பையன் மடியில் இருக்கும்போது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த சமூகம் நாம். பொய்யே கூடாது என்று நாம் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. எந்தப் பொய்க்கு அனுமதி, எந்தப் பொய்க்கு அடி என்ற பட்டியல் பெரியவர்களிடம் மட்டும் இருக்கிறது. பிள்ளைக்கு அதை யாரும் படித்துக்காட்டுவதில்லை.

கலிபோர்னியாவில் 2014ல் ஓர் ஆய்வு நடந்தது. குழந்தையிடம், "பக்கத்து அறையில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய மிட்டாய் இருக்கு, போய் எடுத்துக்கலாமா?" என்று சொல்லிவிட்டு, அப்புறம், "மிட்டாயெல்லாம் ஒண்ணுமில்ல, உன்னை விளையாடக் கூப்பிடத்தான் சொன்னேன்" என்றார்கள். பிறகு அதே பொம்மைச் சோதனை. பொய்யைக் கேட்காத, பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளில் சுமார் 60 சதவீதம் பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் பொய் சொன்னார்கள். பெரியவர் வாயால் ஏமாந்த பிள்ளைகளில் எட்டிப் பார்த்தவர்கள் 80 சதவீதத்தை நெருங்கினார்கள். அப்படிப் பார்த்தவர்களில் பொய் சொன்னவர்கள் 90ஐ நெருங்கினார்கள். ஒரே ஒரு மிட்டாய்ப் பொய் செய்த வேலை அது. பூச்சாண்டி, ஊசி போடுகிற டாக்டர், "நாளைக்கு வாங்கித் தரேன்" எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. வரப்பு ஓரத்தில் தண்ணீர் ஒழுகினால், ஒழுகுகிற பக்கம் சேற்றை அப்பினால் நிற்காது என்று எந்த விவசாயிக்கும் தெரியும். தண்ணீர் நிற்கிற பக்கம் போய், நண்டு வளையின் வாய் எங்கே என்று காலால் துழாவி மிதிக்க வேண்டும். பிள்ளையின் பொய்க்கும் வாய் பெரும்பாலும் நம் பக்கம்தான் இருக்கிறது. நாம் கேட்கிற கேள்வி அது.

பதில் தெரிந்துகொண்டே கேட்கும் கேள்வியை நிறுத்துவதுதான் என்னுடைய முதல் சிபாரிசு. வேறு எதையும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலே வீட்டில் பொய் கணிசமாகக் குறையும். அண்ணி ஒருநாள் இதைச் செய்துகாட்டினார். பள்ளியில் ரேங்க் கார்டு கொடுத்துவிட்டதாக அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. பையன் வாய் திறக்கவில்லை. வழக்கமாக என்றால், "ரேங்க் கார்டு கொடுத்தாங்களா?" என்று தூண்டில் போடுவார், "இன்னும் இல்லம்மா" என்று மீன் கடிக்கும், அப்புறம் பூகம்பம். அன்றைக்கு, சோறு போட்டுக்கொண்டே, "ரேங்க் கார்டு கொடுத்துட்டாங்கன்னு குரூப்புல வந்துச்சு. கணக்குல இறங்கியிருக்கும்போல. சாப்பிட்டுட்டு எடுத்துட்டு வா, ரெண்டு பேரும் பார்ப்போம்" என்றார். பொய் சொல்ல அங்கே இடமே இல்லை. ரொம்ப நேரம் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன், எழுந்து போய் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து நாலாக மடித்த அட்டையை எடுத்து வந்தான். பெற்றோர் கையெழுத்து போடும் கட்டத்தில், பென்சிலால் அண்ணியின் கையெழுத்தை ரெண்டு தடவை எழுதி அழித்த தடம் இருந்தது. அண்ணி அந்தத் தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கையெழுத்து என்னோடது, அதை நான்தான் போடணும்" என்று சொல்லி அதன் மேலேயே பேனாவால் போட்டார். அந்த மாதம் முழுக்க டைரியைத் தினமும் காட்ட வேண்டும், கணக்குக்கு அரைமணி கூடுதல். அவ்வளவுதான் தண்டனை. நான் பக்கத்தில் இருந்தேன். அவன் அழுதது அடிக்குப் பயந்து அழும் அழுகைபோல் எனக்குத் தெரியவில்லை.

தப்புக்கு ஒரு கணக்கு, பொய்க்கு ஒரு கணக்கு என்று அம்மா சொன்னாரே, அது நல்ல கணக்குதான். உண்மையைச் சொன்னால் ரெண்டாவது கணக்கு தள்ளுபடி என்பதை நாம் முன்கூட்டிச் சொல்வதில்லை, சொன்னாலும் காப்பாற்றுவதில்லை. உண்மையைச் சொன்னதற்கும் அதே அடி என்றால் எந்தப் பிள்ளை சொல்லும்? அதேசமயம் முதல் கணக்கையும் சேர்த்துத் தள்ளுபடி செய்துவிடக் கூடாது. கண்ணாடியை உடைத்தவன் "நான்தான்" என்று சொன்னால், உண்டியலிலிருந்து ஒரு பங்கு கொடுக்கட்டும். இல்லையென்றால் சொல்லிவிட்டால் போதும் என்பதும் ஒரு தந்திரமாகிவிடும். கொஞ்சம் அவகாசம் கொடுப்பதும் உதவும். "இப்ப பதில் சொல்லாத. ராத்திரி சாப்பாட்டுக்குள்ள யோசிச்சுட்டு வந்து சொல்லு." முதல் பதில் பயத்திலிருந்து வருகிறது. பெரிய பிள்ளைகளிடம், கேட்பதற்கு முன் "உண்மையைச் சொல்றேன்னு எனக்கு வாக்குக் கொடு" என்று கேட்பதற்குப் பலன் இருக்கிறது என்று 8 முதல் 16 வயதுக்காரர்களிடம் 2010ல் நடந்த ஆய்வு காட்டியது. தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதைச் சொல்லவில்லை. அது மிரட்டல்.

பாராட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பது பழமொழி. "நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டப்பட்ட 3, 5 வயதுப் பிள்ளைகள், "இந்தத் தடவை நல்லா செஞ்சே" என்று பாராட்டப்பட்டவர்களைவிடக் கூடுதலாக விளையாட்டில் ஏமாற்றினார்கள் என்று 2017ல் ஓர் ஆய்வு வந்தது. பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே. "பொய்யன்" என்பதும் பட்டம்தான். அதையும் பிள்ளைகள் காப்பாற்றுவார்கள். அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து 1928லேயே எழுதினார்கள்: பரீட்சையில் ஏமாற்றும் பிள்ளை விளையாட்டிலும் ஏமாற்றும் என்றில்லை, வீட்டில் பொய் சொல்பவன் வெளியிலும் சொல்வான் என்றில்லை, ஆளைவிட இடம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எங்கள் பையன் டியூஷன் அக்காவிடம் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லையாம். அதைக் கேட்டு அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது.

வெளிநாட்டில் தகப்பன் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று. ராத்திரி வீடியோ காலை நீதிமன்றம் ஆக்காதீர்கள். எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் அப்படித்தான் நடந்தது. "உங்க மவன் பண்ற காரியத்தக் கேளுங்க" என்று ஆரம்பிக்கும். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்த மனுஷன் திரையில் கத்துவார். பையன் தலையைக் குனிந்துகொள்வான். அப்புறம் கால் வருகிற நேரம் பார்த்துத் தூங்கிவிட ஆரம்பித்தான். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பது வாயில்லாத பொய். அண்ணனிடம் நான்தான் சொன்னேன்: பஞ்சாயத்தை நாங்க பாத்துக்கறோம், நீ அவன்கிட்ட மெஸ்ஸுல என்ன சாப்பாடுன்னு சொல்லு.

வீட்டு வைத்தியத்தில் அடங்காதவையும் உண்டு. பொய்யோடு திருட்டும், பள்ளிக்கு மட்டம் போடுவதும், நாய் பூனையைச் சித்திரவதை செய்வதும், தீ வைப்பதும் சேர்ந்து மாதக்கணக்கில் தொடர்ந்தால், மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். அதுவரை உண்மை பேசிவந்த பிள்ளை திடீரென்று மறைக்க ஆரம்பித்தால் அது வேறு விஷயம், அவசரமான விஷயம். யாரோ அடிக்கிறார்கள், பணம் பிடுங்குகிறார்கள், தொடக்கூடாத இடத்தில் தொட்டுவிட்டு "யார்கிட்டயும் சொல்லாத" என்று மிரட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதன் பின்னால் இருக்கலாம். பொய்யன் என்று ஊரே முத்திரை குத்திய பிள்ளையைத்தான் அப்படிப்பட்டவர்கள் தேடுவார்கள். அவன் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் அல்லவா. எவ்வளவு புளுகுகிற பிள்ளையாக இருந்தாலும், ஒரு பெரியவரைப் பற்றி இப்படி ஒன்றைச் சொன்னால் முதலில் நம்புங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் பேசுங்கள். விசாரிக்க, பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது.

மறுபடி ஆற்றுக்கு வருகிறேன். மேட்டூர் அணை திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. இருப்பைப் பொறுத்துத் தள்ளிப்போவதும் உண்டு. பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூன்தான். கல்லணையிலிருந்து பிரித்துவிட்ட தண்ணீர் ஆறு, வாய்க்கால் எல்லாம் நிறைந்து வரும்போது, நாலு மாதமாக மணலில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளுக்குக் கால் அரிக்கும். மணல் அள்ளிய பள்ளம் எது, மதகடியில் சுழல் எது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. எந்த வீட்டிலும் பிள்ளை பொய் சொல்லவே கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால், டெல்டாவில் அது "எங்க போற?" என்பதுதான். அந்தக் கேள்விக்குத்தான் நாம் பிரம்பை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

எண்ணெய் விவகாரத்துக்குப் பிறகு வீட்டில் ஓர் ஏற்பாடு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் படித்துறையில் நானோ பக்கத்து வீட்டு மாமாவோ இருக்கும்போது குளிக்கலாம்; நீச்சல் கற்றுக்கொள்ளலாம். மற்ற நாளில் ஆற்றுப் பக்கம் போனால் வந்து சொல்லிவிட வேண்டும். சொன்னால் அடி கிடையாது. அந்த வாரத்து ஞாயிற்றுக் குளியல் மட்டும் ரத்து. சொல்லாமல் மறைத்தால் ரெண்டு ஞாயிறு. என் அம்மாவுக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. "ஆத்துக்குப் போறவனுக்கு அனுமதி வேறயா?" என்று ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் சாயங்காலம் பையன் வந்து, யாரும் கேட்காமலே திண்ணையருகில் நின்றான்.

"அப்பாயி, மதகு வரைக்கும் போனேன். நான் எறங்கல. அவனுங்கதான் குதிச்சானுங்க."

அம்மா ஒன்றும் சொல்லாமல் அவன் கையை இழுத்து, பழக்கத்தில், நகத்தால் கீறினார். கோடு விழவில்லை. எண்ணெய் வாசமும் வரவில்லை. அதற்காக நான் குனிந்து மோந்து பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சொன்னபடி அந்த ஞாயிறு குளியல் ரத்து. முணுமுணுத்துக்கொண்டே வீட்டில் கிடந்தான்.

அதற்குப் பிறகு ஆற்று விஷயத்தில் அவன் பொய் சொல்லி நான் பார்க்கவில்லை. செல்போன் விஷயம் இன்னும் கைக்கு வரவில்லை. "அஞ்சு நிமிஷம்தான் பார்த்தேன் சித்தப்பா" என்று நீட்டுகிறான். வாங்கினால் போனின் முதுகு சுடுகிறது.